பட்டருக்குப் பதில் மாஜரீன்: கேக் அடிக்கப் பழகுபவர்களுக்கு

இலங்கையில் கேக் அடிக்கப் பழகுகிற எல்லோரும் தொடக்கத்திலேயே கேட்கிற கேள்வி இது: பட்டர் விற்கிற விலைக்கு ஒவ்வொரு முறையும் அரைக்கிலோ போட்டுக் கட்டுப்படியாகாது, மாஜரீன் போட்டால் சரிவருமா? சரிவரும். எத்தனையோ வீடுகளில் நத்தாருக்கும் பிறந்தநாளுக்கும் அடிக்கிற கேக் மாஜரீன் கேக்தான், நன்றாகவும் வருகிறது. ஆனால் எந்த மாஜரீன், எந்தப் பலகாரத்துக்கு, எவ்வளவு என்று தெரிந்து போட வேண்டும். பாணில் அஸ்ட்ரா மாஜரீனும் சீனியும் பூசிச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு, மாஜரீன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு இருக்கிறது. பாணில் பூச எதுவும் சரி. ஓவனுக்குள் போகும்போதுதான் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் தெரியவரும்.

முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

பட்டரில் ஏறக்குறைய 80 சதவீதம் பாற்கொழுப்பு. நீர் 16 சதவீதம் வரை இருக்கும். மிச்சம் பாலின் புரதமும், உப்புப் பட்டர் என்றால் உப்பும். சர்வதேச உணவுத் தரத்தின்படி மாஜரீன் என்ற பெயரில் விற்பதிலும் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை ஃபட் ஸ்ப்ரெட் என்ற வகை. 70, 60, 40 சதவீதம் என்று அவற்றில் பல தரம் உண்டு. கொழுப்பு குறைகிற இடத்தை நிரப்புவது பெரும்பாலும் தண்ணீர். கடையில் எல்லாம் ஒரே இராக்கையில், ஒரே மஞ்சள் நிற டப்பாக்களில் அடுக்கியிருக்கும். நாமும் எல்லாவற்றையும் மாஜரீன் என்றே சொல்லிக் கேட்டு வாங்குகிறோம். ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் கொழுப்பின் சதவீதத்தைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும்தான் மனதில் வைக்கமுடியும் என்றால், அதையே வையுங்கள்.

80 சதவீதம் என்று இருந்தால் கவலை இல்லை. பட்டர் எத்தனை கிராமோ அத்தனை கிராம் மாஜரீன்.

அதற்குக் குறைந்தால் சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டும். 250 கிராம் பட்டரில் 200 கிராம் கொழுப்பும் 40 கிராம் நீரும் இருக்கின்றன. கையில் இருப்பது 70 சதவீத ஸ்ப்ரெட் என்றால், அதே 200 கிராம் கொழுப்புக் கிடைக்க 285 கிராம் போட வேண்டும். அதோடு சேர்ந்து 80 கிராம் அளவுக்கு நீரும் உள்ளே வந்துவிடும், அதாவது பட்டரில் வருவதைவிட 40 கிராம் அதிகம். குறிப்பில் பால் 60 மில்லிலீற்றர் என்றிருந்தால் 20 மட்டும் விடுங்கள், கணக்குச் சரியாகிவிடும். 60 சதவீத ஸ்ப்ரெட்டுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 333 கிராம் தேவை, கூடுதலாக வரும் நீர் 90 கிராம். கழிப்பதற்குக் குறிப்பில் அவ்வளவு பாலே இல்லை. அதனால்தான் 60 சதவீதத்தில் கேக் அடித்தால் நடுப்பகுதி பிசுபிசுவென்று இறுகிக் கிடக்கிறது. அதைப் பாணுக்கு வைத்துவிடுங்கள்.

சில்லறையாக நிறுத்து வாங்கியது, டப்பா கிழிந்துபோனது என்று சதவீதம் தெரியாமல் இருந்தால் ஒரு வழி உண்டு. ஒடுக்கமான, உயரமான கண்ணாடிக் குவளை ஒன்றில் நான்கைந்து மேசைக்கரண்டி மாஜரீனைப் போட்டு, குவளையைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். முழுதாக உருகியதும் கிண்டாமல், அசைக்காமல் விடுங்கள். எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும், வெளிறிக் கலங்கிய நீர் அடியில் தங்கும். அடியில் நிற்பது மொத்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் கேக்குக்கு எடுக்கலாம். பாதிக்குக் கிட்ட இருந்தால் வேண்டாம். சில ஸ்ப்ரெட்டுகள் பிரிய நேரமெடுக்கும், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

சதவீதத்தோடு இன்னும் இரண்டு விஷயத்தையும் டப்பாவில் தேடுங்கள். ஒன்று உப்பு. பெரும்பாலான மாஜரீன் உப்புப் போட்டுத்தான் வருகிறது. 1.5 சதவீத உப்பு என்றாலே 250 கிராமில் அரைத் தேக்கரண்டிக்கு மேல் உப்பு இருக்கிறது. குறிப்பில் உள்ள உப்பைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். மற்றது பால். மாஜரீன் தாவர எண்ணெயில் செய்தது என்பதால் பால் சேராது என்று நினைத்துவிடக் கூடாது. மோர்ப்பொடியோ பால்மாவோ சேர்த்த வகைகள் நிறைய உண்டு. பால் ஒவ்வாத பிள்ளைக்குக் கேக் செய்கிறவர்கள் சேர்மானப் பட்டியலை முழுவதும் படித்த பிறகே வாங்க வேண்டும்.

கேக் அடிக்கும்போது உள்ளே நடப்பது

கேக் மென்மையாக எழும்புவதற்கு பேக்கிங் பவுடர் மட்டும் காரணம் இல்லை. பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்களின் கூரான ஓரங்கள் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடரிலிருந்து வருகிற வாயு அந்த அறைகளுக்குள் போய் அவற்றைப் பெருக்கவைக்கும். புதிதாக அறைகளை உண்டாக்காது. ஆகவே அடிக்கிற நேரத்தில் எவ்வளவு காற்றுப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குத்தான் கேக்.

காற்றைப் பிடித்து வைத்திருக்கக் கொழுப்பு மெதுவாகவும் இருக்க வேண்டும், உருகிவிடவும் கூடாது. பட்டர் அந்தப் பதத்தில் இருப்பது 18 முதல் 21 பாகை செல்சியஸ் வரை. நுவரெலியாக் குசினியில் அது தானாகவே அமையும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பகலில் 30 பாகை சர்வசாதாரணம், பாற்கொழுப்பு உருகுவதோ 32 முதல் 35 பாகைக்குள். கேக் அடிக்கிற பீட்டர் சுற்றுகிற சூடும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'பட்டரை அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள்' என்று எழுதியிருப்பதை நம்பி இரண்டு மணித்தியாலம் வெளியே வைத்தால், இங்கே பட்டர் பளபளவென்று எண்ணெய் விட்டு நிற்கும். அதில் எவ்வளவு நேரம் அடித்தாலும் காற்று நிற்காது.

இந்த இடத்தில் மாஜரீன் உண்மையிலேயே பட்டரைவிட நமக்குத் தோதானது. ஆலையில் எண்ணெய்களைக் குளிரவைத்தபடியே பிசைந்து, கொழுப்பை மிக நுண்ணிய படிகங்களாக உறையச் செய்கிறார்கள். அந்தப் படிகங்கள் காற்றறைகளை நன்றாகத் தாங்கும். கேக்குக்கென்று வருகிற வகைகளில் பட்டரைவிடக் கொஞ்சம் கூடிய சூட்டில் உருகும்படியாகவும் எண்ணெய்களைக் கலந்திருப்பார்கள். லெசித்தின் போன்ற, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கிற பொருட்களும் சேர்ந்திருப்பதால் முட்டை சேர்க்கும்போது கலவை திரிகிற தொல்லையும் குறைவு. புதிதாகப் பழகுகிற ஒருவருக்கு வெக்கையான ஊரில் முதல் கேக்கை மாஜரீனில் அடித்துப் பார்க்கும்படிதான் சொல்வேன். பதம் தவறுகிற வாய்ப்புக் குறைவு.

மாஜரீன் தராதது மணம். பட்டர் கேக்கை வெட்டும்போது வருகிற அந்தப் பால் மணம் எந்த எசன்ஸிலும் வராது. அதனால் நான் வீட்டில் அடிப்பது பாதிக்குப் பாதி. கேக்கின் பொங்குதலை மாஜரீன் பார்த்துக்கொள்கிறது, மணத்தைப் பட்டர் கொடுக்கிறது, செலவும் கைக்கு அடங்குகிறது.

பாதிக்குப் பாதி பட்டர் கேக், படிப்படியாக

நம் ஊர்ப் பட்டர் கேக்கின் அளவு நினைவில் வைக்க எளிது: கொழுப்பு, சீனி, கோதுமை மா மூன்றும் ஒரே நிறை. சின்னக் குடும்பத்துக்கு 125 கிராம் பட்டர், 125 கிராம் மாஜரீன், 250 கிராம் சீனி, 250 கிராம் மா, ஐந்து முட்டை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு தேக்கரண்டி வனிலா, 60 மில்லிலீற்றர் பால். எட்டு அங்குலச் சதுரத் தட்டு போதும். எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எடுங்கள். சில டப்பா மாஜரீன் காற்று அடைத்து வருவதால் கப்பில் அளந்தால் நிறை குறையும்.

முதல் வேலை ஓவனை 165 பாகையில் சூடாக விட்டு, தட்டில் எண்ணெய்க் கடதாசி விரிப்பது. கலவை தயாரான பிறகு ஓவன் சூடாகும்வரை அதைக் காத்திருக்க வைத்தால் பிடித்த காற்றுப் போய்விடும். மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து இரண்டு தரம் அரித்து வையுங்கள்.

நம் கடைச் சீனி பரல் பெரியது. மிக்ஸியில் ஒரு சுற்று, இரண்டு சுற்று மட்டும் விட்டுச் சிறு பரலாக்குங்கள். ஐசிங் சீனி மாதிரித் தூளாக்கிவிட்டால் காற்றறை உண்டாக்க ஓரங்களே இருக்காது.

பட்டரை பிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு துண்டாக வெட்டிப் பத்து நிமிடம் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. பளபளப்புத் தெரிந்தால் நேரம் தாண்டிவிட்டது, திரும்ப பிரிட்ஜுக்குள் வைத்து எடுங்கள். மாஜரீனை முன்கூட்டியே வெளியே எடுக்கத் தேவையில்லை. டப்பா மாஜரீன் குளிரிலும் மெதுவாகவே இருக்கும்.

பட்டரைத் தனியாக ஒரு நிமிடம் அடித்து இளக்கிய பிறகு மாஜரீனைச் சேருங்கள். இரண்டும் ஒன்றான பின் சீனியை மூன்று முறையாகப் போட்டு, நடுத்தர வேகத்தில் ஐந்து முதல் ஏழு நிமிடம் அடியுங்கள். இங்கே புதியவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பட்டர் மட்டும் என்றால் மஞ்சள் வெளிறி வெள்ளையாவதைப் பார்த்துப் பதம் சொல்லலாம். மாஜரீனுக்கு நிறம் சேர்த்திருப்பதால் அது அவ்வளவுக்கு வெளிறாது. நிறத்துக்காகக் காத்திருந்தால் கூடுதலாக அடித்துவிடுவீர்கள். அளவைப் பாருங்கள்: கலவை தொடங்கிய இடத்திலிருந்து கிண்ணத்தில் நன்றாக மேலே ஏறியிருக்கும், பீட்டர் போன தடம் அழியாமல் நிற்கும், ஒரு துளியை விரல்களுக்கிடையில் தேய்த்தால் சீனி இலேசாகத்தான் நெருடும். அவ்வளவுதான், நிறுத்துங்கள். கிண்ணத்தின் வெளிப்புறம் கைக்குச் சூடாகத் தெரிந்தால் அடியில் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து அடிக்கலாம்.

முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று முழுதாகக் கலந்த பிறகு அடுத்ததை விடுங்கள். நான்காவது, ஐந்தாவது முட்டையில் கலவை திரிவதுபோல் தெரிந்தால் அரித்து வைத்த மாவில் ஒரு மேசைக்கரண்டி போடுங்கள், சேர்ந்துவிடும். வனிலாவை விட்டு, மாவையும் பாலையும் மாறி மாறிச் சேர்த்து, இனி பீட்டர் இல்லாமல் அகப்பையால் அடியிலிருந்து மேலே மடித்துக் கலக்குங்கள். மா தெரியாமல் மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அகப்பையைத் தட்டினால் கலவை கட்டியாக விழ வேண்டும், வழிந்து ஓடக் கூடாது.

45 முதல் 55 நிமிடம். பட்டர் மட்டும் போட்ட கேக்கைவிட இதன் மேற்புறம் கொஞ்சம் வெளிறித்தான் சிவக்கும், ஏனென்றால் நிறம் கொடுக்கிற பால் புரதம் மாஜரீனில் குறைவு. இன்னும் சிவக்கட்டும் என்று விட்டால் உள்ளே காய்ந்துவிடும். நடுவில் ஈர்க்கு ஒன்றைக் குத்தி எடுங்கள். மா ஒட்டாமல் வந்தால் நிறத்தைப் பார்க்காமல் இறக்குங்கள்.

மற்றப் பலகாரங்கள்

ரிச் கேக்கில் ஊறின பழங்களும் வாசனைத் திரவியங்களும் பிராந்தியும் முன்னுக்கு நிற்பதால் மாஜரீன் முழுவதும் போட்டாலும் ஆரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வாழைப்பழக் கேக், சொக்லட் கேக், பிரவுனி எல்லாம் அதே மாதிரி. லவ் கேக் வேறு கதை. அதில் ரவை பட்டரைக் குடித்துத்தான் ஊறுகிறது, கஜுவும் ரோஸ் எசன்ஸும் அந்தப் பட்டர் மணத்தின் மேல்தான் நிற்கின்றன. வருஷத்தில் ஒரு தரம் செய்கிற பண்டத்துக்குக் காசு பார்க்க வேண்டாம், பட்டரே போடுங்கள். ஷோர்ட்பிரெட்டும் அப்படித்தான். மூன்று பங்கு மா, இரண்டு பங்கு பட்டர், ஒரு பங்கு சீனி, வேறொன்றும் இல்லை. ஒளிய இடமில்லாத பண்டம். மாஜரீன் போட்டால் மொறுமொறுப்பு வரும், வாயில் வைத்ததும் கரைகிற தன்மையும் மணமும் வராது.

பட்டீஸ் மாவுக்கு 80 சதவீத மாஜரீன் நல்ல தேர்வு. பிரிட்ஜில் நன்றாக இறுகவைத்துச் சிறு துண்டுகளாக மாவில் போட்டு, விரல் நுனியால் பாண் தூள் போல வரும்வரை உதிர்த்து, குளிர்ந்த நீர் தெளித்துச் சேருங்கள். உள்ளங்கை படக் கூடாது, கைச்சூடே கொழுப்பை உருக்கிவிடும். குறைகொழுப்பு ஸ்ப்ரெட்டில் உள்ள நீர் மாவோடு சேர்ந்து இழுபடுகிற பசையாக்கிவிடும், பொரித்தால் தோல் மாதிரி இருக்கும். சிப்பிப் பலகாரத்துக்கும் இதே எச்சரிக்கை.

அடுக்கடுக்காக வருகிற பேஸ்ட்ரிக்கென்று பேக்கரிச் சாமான் கடைகளில் கட்டியாக பேஸ்ட்ரி மாஜரீன் விற்கிறார்கள். வெக்கையிலும் உருகாமல் தகடு தகடாக நிற்க வேண்டும் என்பதற்காக உடல் சூட்டைவிட உயர்ந்த பாகையில் உருகும்படி செய்தது அது. ஆகவே வாயிலும் முழுதாக உருகாது, நாக்கிலும் அண்ணத்திலும் மெழுகுப் படலமாகத் தங்கும். வீட்டில் அதைக் கேக்குக்கு எடுத்துவிடாதீர்கள்.

ஐசிங்குக்கு மாஜரீன் வெக்கையில் பெரிய உதவி. பட்டர் ஐசிங்கில் எழுதின பெயர் பிறந்தநாள் வீட்டில் வழிந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 250 கிராமுக்கு 500 கிராம் ஐசிங் சீனி. இங்கேயும் பாதிக்குப் பாதி நல்லது. உப்புத் தூக்கலாகத் தெரிந்தால் சில துளி தேசிக்காய்ப் புளியும் வனிலாவும் சேர்த்து அடியுங்கள்.

அடுப்பில்

மஞ்சள் சோற்றுக்கு வெங்காயமும் ரம்பையும் கறிவேப்பிலையும் வதக்க மாஜரீன் போதும், சோற்றுக்குப் போடுகிற உப்பை மட்டும் குறையுங்கள். இளஞ்சூட்டில் உருக்கி, நுரை அடங்கிய பிறகு வெங்காயத்தைப் போட வேண்டும். நுரை அடங்கவில்லை என்றால் நீர் இன்னும் வற்றவில்லை, அதில் போட்டால் வதங்காமல் அவியும். ஸ்ப்ரெட் வகைகள் சூடான சட்டியில் படபடவென்று தெறிக்கும், கை கவனம். பொரிக்கிறதுக்கு எண்ணெயே எடுங்கள். மாஜரீனை எவ்வளவு காய்ச்சினாலும் நெய் ஆகாது, நெய்யின் மணம் பாலிலிருந்து வருவது.

உடம்புக்கு எது நல்லது

இதைக் கேட்காமல் ஆரும் விடுவதில்லை. 1869இல் பிரான்ஸில் ஹிப்போலிட் மேஜ்-மூரியே முதன்முதலில் மாஜரீன் செய்தது மாட்டுக் கொழுப்பில். 1902இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன் திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் ஏற்றி அதை இறுகவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு மாஜரீன் தாவர எண்ணெய்க்கு மாறிவந்தது. அந்த முறையை அரைகுறையாகச் செய்யும்போது உண்டாவதுதான் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு. ஆலைகளில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அழைப்பு விடுத்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளுக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீத உச்சவரம்பு இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, சேர்மானப் பட்டியலில் 'பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்' என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அந்த வரி இல்லாதவற்றில் இறுக்கம் கொடுப்பது பெரும்பாலும் பாம் எண்ணெய், அதிலும் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. பட்டரில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவில் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. 80 சதவீத மாஜரீனின் கலோரியும் பட்டரின் கலோரியும் ஏறக்குறைய ஒன்றே, 100 கிராமுக்கு 700க்கு மேல். உடம்பு மெலியும் என்று நினைத்து மாஜரீன் கேக்கில் இரண்டு துண்டு கூட எடுக்க வேண்டாம்.

மிச்சத்தை வைப்பது

மாஜரீன் பக்கத்தில் உள்ள வாசனையை இழுக்கும். கருவாடும் வெங்காயமும் இருக்கிற பிரிட்ஜில் மூடி இறுக்கி, தனித் தட்டில் வையுங்கள். ஈரக் கரண்டியோ பாண் தூள் ஒட்டின கத்தியோ உள்ளே போகக் கூடாது, பூஞ்சணம் பிடிப்பது அங்கிருந்துதான். கேக்குக்கு வாங்கியதையும் பாணுக்குப் பூசுவதையும் வேறு வேறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டர் மலிவாகக் கிடைக்கிற நேரத்தில் வாங்கி 125 கிராம் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி ஃப்ரீசரில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது. 80 சதவீத மாஜரீனும் தாங்கும். நீர் கூடிய ஸ்ப்ரெட் உறைந்து இளகினால் தண்ணீர் வேறு, எண்ணெய் வேறாகப் பிரிந்துவிடும், அதை மட்டும் ஃப்ரீசருக்குக் கொண்டுபோகாதீர்கள்.